மூலிகை மருந்தில் நாம் செய்யும் தவறுகள்

ஆடாதோடை இலையில் வாசிசின் என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. சளியை இளக்கும் புரோம்ஹெக்சின், அம்புராக்சால் மருந்துகள் அதைப் பின்பற்றி உருவாக்கப்பட்டவைதான். அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் கர்ப்பிணிகள் ஆடாதோடைக் கஷாயம் குடிக்கக் கூடாது. "இயற்கைதானே, பக்கவிளைவு எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மூலிகைகளை நான் மதிக்கிறேன். அவற்றில் நிஜமாகவே மருந்து இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பயம் தருவது, செடியைச் சரியாகத் தெரியாமல் சாப்பிடுவது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்க ஒரு மூலிகைக் கலவை சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. சேர்க்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக, பெயரில் அதை ஒத்த அரிஸ்டோலோக்கியா வகைச் செடி கலந்திருந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம்தான் காரணம். ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே வகையைச் சேர்ந்தவை. குடல்பூச்சிக்கும் விஷக்கடிக்கும் இவற்றைச் சொல்லும் குறிப்புகள் இன்னும் பரவிக்கொண்டிருக்கின்றன. தயவுசெய்து இவற்றை உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள்.

அடுத்தது அளவு. சமையலில் சேர்க்கும் மஞ்சளைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்து மாத்திரையாக வரும் குர்குமின் வேறு விஷயம். குர்குமின் உடலில் எளிதில் சேராது. அதைச் சேர வைக்க மிளகின் பைப்பரினைக் கூட்டி, செறிவாக்கி விற்கிறார்கள். அப்படிச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது.

எத்தனை நாள் என்பதும் அளவில் சேர்த்திதான். தொண்டைக் கரகரப்புக்கு இரண்டு நாள் அதிமதுரம் சரி. வாரக்கணக்கில் தினமும் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும், இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது. மலச்சிக்கலுக்கு நிலாவரையை மாதக்கணக்கில் தொடர்வதும் தவறு.

செய்முறையிலும் கவனம் வேண்டும். கற்றாழை மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் கடுமையான பேதி மருந்து. அதை வடியவிட்டு, மடலுக்குள் இருக்கும் சோற்றை நன்றாகக் கழுவ வேண்டும். எல்லாவற்றையும் கொதிக்க வைக்கலாம் என்று நினைப்பதும் சரியில்லை. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் என்ற மருந்தை ஒரு மூலிகையில் தேடியபோது, சூடு அதன் வீரியத்தைக் கெடுக்கிறது என்று சீன விஞ்ஞானி தூ யூயூ உணர்ந்தார். குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்த பிறகே வெற்றி கிடைத்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

அப்புறம், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்த மருந்தையும் தேனில் குழைத்துத் தராதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சிளம் குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும்.

ஆங்கில மருந்து சாப்பிடுபவர்கள் கஷாயத்தைப் பற்றி டாக்டரிடம் சொல்வதே இல்லை. சர்க்கரை மாத்திரையோடு வெந்தயமோ பாகற்காய்ச் சாறோ அதிகம் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் பூண்டு, குர்குமின் மாத்திரைகளைச் சேர்த்தால் ரத்தக்கசிவு வரலாம். அறுவை சிகிச்சைக்கு முன்பும் இவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக மஞ்சள் காமாலை. கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள். காரணம் ஹெபடைடிஸ் ஏ என்ற வைரஸ் தொற்று என்றால் பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். ஆனால் பித்தக்குழாயில் கல் அடைத்தாலும், கணையத்தில் கட்டி இருந்தாலும் கண் மஞ்சளாகத்தான் ஆகும். இலையை அரைத்துக் காத்திருக்கும் வாரங்களில் அந்தக் கட்டி வளரும். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துக் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மயக்கம், குழப்பமான பேச்சு, ரத்த வாந்தி என்று எதுவும் தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.