பழைய பிக்கப்பா, புதிய காரா: மலையில் கணக்குப் போடும் முறை

கோத்தகிரிப் பக்கம் ஓரிரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், பழைய பிக்கப் (சிறு சரக்கு வண்டி) வாங்குவதா, குடும்பத்துக்குப் புதிய கார் வாங்குவதா என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்குத் தப்பும். ஐந்து ஆண்டுகளில் எது எவ்வளவு பணத்தை விழுங்கும் என்றே பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 8 லட்ச ரூபாய் காருக்கு 6 லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 12,450 ரூபாயும் மொத்த வட்டி சுமார் 1.47 லட்சமும் ஆகும். ஐந்து ஆண்டு முடிவில் பாதி விலைக்கு விற்றால் அதில் 4 லட்சம் போயிருக்கும். ஆக, சாவியைத் திருகும் முன்பே ஆண்டுக்கு 1.09 லட்சம் செலவு. கடனில்லாமல் 3 லட்சத்துக்கு வாங்கிய பிக்கப்பை 1.5 லட்சத்துக்கு விற்றால் ஆண்டுக்கு 30,000 மட்டுமே. கைப்பணத்துக்கு வங்கியில் கிடைத்திருக்கும் வட்டியை இரு பக்கமும் சேர்ப்பது நியாயம். சேர்த்தாலும் இடைவெளி பெரிதாகக் குறையாது.

காப்பீட்டில் நிலை தலைகீழ். 2022-இல் அறிவிக்கப்பட்ட விகிதப்படி, சுமையோடு 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு (விபத்தில் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது) மட்டும் 16,049 ரூபாய். 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு 3,416 ரூபாய். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எடுக்க வேண்டும், சொந்தக் காருக்கோ பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். எஃப்.சி.க்கு முன் பெயிண்ட், விளக்கு, ஸ்டிக்கர் என்று பட்டறையில் ஆகும் செலவையும் அரசுக் கட்டணத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் மலையில் கணக்கைப் புரட்டிப் போடுவது பழுதுதான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். அதைச் சுமையோடு இறங்கும் வண்டியில் பிரேக் லைனிங்கும், ஏறும் வண்டியில் கிளட்ச் பிளேட்டும் சமவெளியைவிட விரைவில் தேயும். ஒரு மழை நாளில் என் பிக்கப்பின் கிளட்ச் ஏற்றத்தில் நழுவி, பசுந்தேயிலை மூட்டைகளோடு வண்டி வளைவிலேயே நின்றது. வேறு வண்டி வந்து சேர்வதற்குள் மூட்டைக்குள் கையை விட்டால் சுடும் அளவுக்கு இலை வெந்து, ஓரங்கள் சிவந்துவிட்டன. பட்டறைப் பில்லைவிட அந்த இலையின் இழப்பே அதிகம். எனவே பழைய வண்டிக்குப் பழுதுச் செலவோடு, அது நிற்கும் நாள்களின் வாடகை வண்டிச் செலவையும் எழுத வேண்டும்.

கார் பக்கத்தில் பலர் மறப்பது ஒன்று உண்டு: கார் வந்த பிறகும் இலை தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். ஆண்டு முழுவதும் கொடுக்கும் அந்த வாடகையைக் காரின் செலவிலேயே சேருங்கள். வாரம் இருமுறைக்கு மேல் சுமை போகும் வீட்டுக்குப் பிக்கப்பே கட்டுப்படியாகும் என்பது என் கணிப்பு. சுமை குறைந்த வீட்டுக்கு, பழைய வண்டியைக் கட்டி அழுவதைவிட வாடகையே மேல்.

பழைய பிக்கப்பை முடிவு செய்யும் முன், மெக்கானிக்கோடு பாதிச் சுமை ஏற்றி மேட்டுப்பாளையம் வரை இறங்குங்கள். இறங்கியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் மோந்து பாருங்கள். கருகிய வாடை அடித்தால் லைனிங் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.