வேலை தேடும்போது சோர்ந்து போகாம இருக்கணுமா? இந்தத் தப்புகளைப் பண்ணாதீங்க

வேலை தேடுறதே ஒரு முழுநேர வேலைதான்னு எல்லாரும் சொல்றாங்க, அதைக் கேட்டுட்டு காலைல கண்ணு முழிச்சதுலேர்ந்து ராத்திரி தூங்குறவரைக்கும் லேப்டாப் முன்னாடியே உட்கார்ந்துடுறோம், முதல் தப்பே இதுதான். முழுநேர வேலைன்னா அதுக்கு ஆரம்பிக்குற நேரமும் முடியுற நேரமும் உண்டு இல்லையா, அதை மட்டும் யாரும் வெச்சுக்கிறது கிடையாது. அதனால சாப்பிடும்போதும் மெயில் பாக்குறோம், படுக்கைலயும் மெயில் பாக்குறோம், நாள் முழுக்க தேடின மாதிரியே இருக்கும், ஆனா உருப்படியா என்ன பண்ணோம்னு கேட்டா பதில் இருக்காது.

1930கள்ல ஆஸ்திரியால மரியந்தால்னு ஒரு ஊர். அங்க இருந்த நெசவு ஆலைய மூடினதும் கிட்டத்தட்ட ஊரே வேலை இல்லாம ஆயிடுச்சு. சமூக உளவியலாளர் மரி யஹோதாவும் கூட இருந்தவங்களும் அங்க போய் மக்கள் எப்படி வாழுறாங்கன்னு பார்த்து எழுதினாங்க. இப்ப கைல அவ்ளோ நேரம் இருக்கே, லைப்ரரில கூட்டம் அலைமோதும்னுதானே நினைப்போம்? நேர்மாறா புக் எடுக்குறது பாதியா குறைஞ்சு போச்சு. தெருவுல நடக்குற வேகம்கூட குறைஞ்சிருந்துச்சாம். நேரம் கிடைச்சா மட்டும் போதாது, நாளுக்கு ஒரு வடிவம் வேணும், அது போனா ஆர்வமும் சேர்ந்தே போயிடும். அதனால சோம்பேறி ஆயிட்டோமோன்னு உங்களை நீங்களே திட்டிக்காதீங்க, இது எந்த மனுஷனுக்கும் நடக்குறதுதான். காலைல ஒரு மூணு மணி நேரம், மத்தியானம் ஒரு மணி நேரம்னு வெச்சுக்கோங்க, அதுக்கு மேல வேலை தேடுற போர்ட்டலைத் திறக்காதீங்க. மிச்ச நேரத்துல நடங்க, படிங்க, வீட்டு வேலை பாருங்க, குற்ற உணர்ச்சியே வேணாம்.

அடுத்தது, நம்ம கைல இல்லாத விஷயத்தை வெச்சு நம்மள மார்க் போட்டுக்கிறது. "இந்த வாரம் ஒரு இன்டர்வியூகூட வரலை"ன்னு மனசு உடைஞ்சு போறோம், ஆனா இன்டர்வியூ வர்றதும் வராததும் நம்ம கைலயா இருக்கு? அந்த போஸ்ட்டுக்கு உள்ளேயே ஆள் எடுத்திருப்பாங்க, பட்ஜெட் நின்னு போயிருக்கும், எச்ஆர் லீவுல போயிருப்பாங்க, நமக்கு எதுவும் தெரியவே தெரியாது. தெரியாத இடத்துல எல்லாம் "நான் தகுதி இல்லாதவன்"னு நாமளே எழுதி நிரப்பிக்கிறோம் பாருங்க, உண்மையா மனசைத் தின்னுறது அதுதான். ஒரு ஷீட் போட்டு என்ன பண்ணோம்னு மட்டும் எழுதுங்க: எந்த ரோல், எந்த ரெஸ்யூம் அனுப்பினேன், யார்கிட்ட பேசினேன், அடுத்து எப்ப ஃபாலோ அப் பண்ணணும். அப்ளை பண்ணி, ஒரு தடவை ஃபாலோ அப்பும் பண்ணியாச்சுன்னா அந்த வரியை மூடிட்டு நகர்ந்துடுங்க. "அண்டர் ரிவ்யூ"ன்னு இருக்குற பக்கத்தை பத்து தடவை ரிஃப்ரெஷ் பண்ணாலும் அந்த எழுத்து மாறப்போறதில்ல.

பாக்குற எல்லாத்துக்கும் ஒரே ரெஸ்யூமை அனுப்புறதும் அப்படித்தான். பண்ணும்போது நிறைய வேலை செஞ்ச திருப்தி இருக்கும், பதில் வராதப்ப அதே அளவுக்கு அடி விழும். பொருத்தமா இருக்குற கொஞ்சத்தை எடுத்து, அவங்க கேட்டிருக்குற வேலையை நீங்க ஏற்கனவே செஞ்ச இடத்தை ரெஸ்யூம்ல மேல கொண்டு வந்து அனுப்புங்க, அது போதும்.

இதையெல்லாம் விட பெரிய தப்புன்னு நான் நினைக்கிறது, வெக்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாம இருக்குறது. நெருங்கின நண்பர்கள் ரெண்டு மூணு பேர்கிட்ட மட்டும் சொல்லிட்டு நிறுத்திடுறோம். ஆனா அவங்களுக்குத் தெரிஞ்ச ஓப்பனிங் முக்கால்வாசி நமக்கும் தெரிஞ்சதாதான் இருக்கும், ஏன்னா ரெண்டு பேரும் ஒரே வட்டம். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973ல இதைத்தான் எழுதினார். தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்ககிட்ட, அந்த ஆளை எவ்ளோ அடிக்கடி பார்ப்பீங்கன்னு கேட்டா, அடிக்கடி பார்ப்பேன்னு சொன்னவங்க 17 சதவீதம் பேர்தான், மத்தவங்களுக்கெல்லாம் எப்பவாவது பார்க்குற ஆள் மூலமாதான் தகவல் வந்திருக்கு. அதனால பழைய டீம்ல கூட வேலை செஞ்சவர், காலேஜ் சீனியர், எப்பவோ ஒரு ப்ராஜெக்ட்ல பேசினவர், இவங்களுக்கு எழுதுங்க. "வேலை வாங்கிக் கொடுங்க"ன்னு கேக்க வேணாம், "இந்த மாதிரி ரோல் தேடிட்டிருக்கேன், உங்க பக்கம் எப்படி இருக்கு, ஒரு பத்து நிமிஷம் பேசலாமா"ன்னு கேட்டா நிறைய பேர் சந்தோஷமா பேசுவாங்க.

வேலை போனவங்களுக்கு இன்னொண்ணு சொல்லணும். கோவத்தை உள்ளேயே போட்டு அமுக்கிட்டு நேரா அப்ளை பண்ண உட்காராதீங்க. 1994ல அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் குழு ஒரு ஆய்வு பண்ணாங்க, லே ஆஃப் ஆனவங்களை தினம் 20 நிமிஷம்னு 5 நாள், வேலை போனதைப் பத்தி மனசுல இருக்குறதை அப்படியே எழுதச் சொன்னாங்க. அப்படி எழுதினவங்களுக்கு மத்தவங்களை விட சீக்கிரம் வேலை கிடைச்சுது, இத்தனைக்கும் அவங்க அதிகமா அப்ளை பண்ணலை. எனக்கு இது ஆச்சரியமா படலை. பழைய கம்பெனியை ஏன் விட்டீங்கன்னு கேக்கும்போது, ஆறாத கோவம் எப்படியும் முகத்துல வந்துடும். எழுதியும் மனசு லேசாகலை, வாரக்கணக்கா தூக்கம் வரலை, எதுலயும் பிடிப்பே இல்லைன்னா டாக்டரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க.

சோஷியல் மீடியால அடுத்தவங்க போடுற "புது வேலைல சேர்ந்துட்டேன்" போஸ்ட்டை காலைல முதல் வேலையா பாக்காதீங்க, அவ்ளோதான்.

கடைசியா, ஒரு இடத்துல ரெண்டு மூணு ரவுண்டு நல்லா போனதும் மத்ததையெல்லாம் நிறுத்திடுறது. இது ரொம்பத் திறமையானவங்களும் பண்ற தப்பு. அது கைகூடலைன்னா திரும்ப பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கணும், பல பேர் மொத்தமா ஓஞ்சு போறது அந்த இடத்துலதான். ஃபைனல் ரவுண்டு முடிச்ச அன்னைக்கு சாயங்காலம் ரெஸ்ட் எடுங்க, மறுநாள் காலைல வழக்கமான நேரத்துக்கு உட்கார்ந்து அடுத்த அப்ளிகேஷனை அனுப்புங்க. ஆஃபர் லெட்டர் எழுத்துல வந்து, நீங்க கையெழுத்து போடுறவரைக்கும் இது நடக்கட்டும்.