ஜப்பான் ராஜாவை 'கடவுள்'னு எழுதறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

பழைய ஜப்பான்ல ராஜாவைக் கடவுளாவே கும்பிட்டாங்கன்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. அந்த 'கடவுள்'ங்கற வார்த்தையிலயே தப்பு ஆரம்பிக்குது. அங்க உள்ள சொல் காமி. மலை, அருவி, வயசான மரம், இடி, செத்துப்போன பெரிய மனுஷர்னு பார்த்தாலே பயபக்தி வர்ற எதுவும் காமி ஆகலாம், எல்லாம் அறிஞ்ச, எல்லாம் வல்ல ஒருத்தர்ங்கற அர்த்தம் அதுக்குள்ள கிடையாது.

இத விட்டுட்டா அடுத்த தப்பு தானா வந்துடும், அதாவது தெய்வம்னா ராஜா வச்சதுதான் சட்டம்னு நினைக்கறது. 592ல சுஷுன்ங்கற அரசரை அவரோட பெரிய மந்திரி சோகா நோ உமாகோ ஆள் வச்சுக் கொன்னார், அதுக்கப்புறமும் அந்த மந்திரி பதவியில பலமாத்தான் இருந்தார். சூரிய தேவி அமதெராசு வம்சம்ங்கறது அரச குடும்பத்தோட உரிமைதான், ஆனா நகதோமி மாதிரி பெரிய குலங்களும் எங்களுக்கும் ஒரு காமிதான் மூதாதைன்னு சொல்லிக்கிட்டாங்க. ராஜாவோட முக்கியமான வேலை சடங்கு, காமிகளுக்குப் படைக்கறது.

காலத்தையும் குழப்பாதீங்க ப்ளீஸ். முதல் அரசர்னு சொல்லப்படற ஜிம்மு கிமு 660ல ஆட்சிக்கு வந்தார்ங்கறது புராணக் கணக்கு, வரலாறுன்னு எழுதக்கூடாது. நம்பி எடுக்கக்கூடிய சான்று வேணும்னா சைதாமா பக்கம் இனாரியாமாங்கற பழைய புதைமேட்டுல 1968ல கிடைச்ச இரும்பு வாள் இருக்கு, பத்து வருஷம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்தப்பதான் துருவுக்கு அடியில தங்கத்துல பதிச்ச 115 எழுத்து தெரிஞ்சுது (எனக்கு ரொம்பப் பிடிச்ச கண்டுபிடிப்பு இது). அதுல இருக்கற வருஷத்தை 471னு பெரும்பாலானவங்க படிக்கறாங்க, அரசரோட பட்டம் 'ஓகிமி', அதாவது பெரிய தலைவர், அவ்ளோதான். தென்னோங்கற பட்டம், அதாவது இப்ப நாம பேரரசர்னு சொல்றது, நிலைச்சது 7ம் நூற்றாண்டு கடைசியில, 672 உள்நாட்டுப் போர்ல ஜெயிச்ச தென்மு காலத்துல. வம்சக் கதையைத் தொகுக்கச் சொன்னதும் அவர்தான், அது கோஜிகிங்கற நூலா 712லயும் நிஹோன் ஷோகிங்கற நூலா 720லயும் முடிஞ்சுது. 697ல மொன்மு பட்டம் ஏறின அறிவிப்புல 'கண்முன்னே தெரியற காமி'ன்னே அரசரைச் சொல்றாங்க.

சீனா பேரரசரோட 'வானத்தின் மகன்' பட்டம் வேற. அங்க வானம் கைவிட்டா வம்சமே மாறலாம், ஜப்பான்ல ரத்த உறவுதான் ஆதாரம்.

1946 ஜனவரி 1 அறிவிப்புல அப்போதைய பேரரசர் ஹிரோஹிதோ மறுத்ததும் அந்த 'கண்முன்னே தெரியற காமி'ங்கறதைத்தான், அமதெராசு வம்சம் இல்லைன்னு அதுல ஒரு வார்த்தை கிடையாது.