மாமல்லபுரம் கடைப் பலகை: தமிழ் மேலே இருந்தும் நோட்டீஸ் வந்தது ஏன்?

கடைப் பலகைச் சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. பலகை 10 அடிக்கு 3 அடி. தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் உண்டு. தமிழ்தான் முதல் வரி. ஆனாலும் "பெயர்ப்பலகை விதிப்படி இல்லை" என்று நோட்டீஸ். எது இல்லை என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது.

தமிழ் எழுத்தைப் பெரிதாக்கி ஃபிளெக்ஸ் மாற்றியும் பலனில்லை. பிரெஞ்சு வரியை ஸ்டிக்கரால் மறைத்தும் அதே பதில்தான்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இல் 15-ஆம் விதியைப் படித்த பிறகே பிடிபட்டது. பிற மொழிகள் தமிழுக்குக் கீழே வர வேண்டும். தமிழுக்கு அதிக இடம் தர வேண்டும். எழுத்தின் உயரம் மட்டும் போதாது, இடமும் கணக்கு. நடைமுறையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்ற விகிதத்தில் இடம்.

சிக்கல் இடது ஓரத்து வட்ட லோகோவில் இருந்தது. அதற்குள் ஆங்கிலப் பெயர். வட்டத்தின் மேல் விளிம்பு தமிழ் வரிக்கும் மேலே நின்றது. லோகோவும் எழுத்துதான் என்பதைப் பலகை வரைபவர்கள்கூடக் கவனிப்பதில்லை.

36 அங்குல உயரத்தில் மேலும் கீழும் 3 அங்குலம் விட்டால் மிச்சம் 30. தமிழுக்கு 15, ஆங்கிலத்துக்கு 9, பிரெஞ்சுக்கு 6. லோகோவைச் சுருக்கி அந்த 9 அங்குலப் பட்டைக்குள் இறக்கினேன். அளவு டேப்பைப் பலகைமேல் பிடித்து எடுத்த படத்தோடு பதில் கொடுத்ததும் ஏற்றுக்கொண்டார்கள்.

திரும்ப மாட்டும்போது சாதா ஸ்க்ரூ வேண்டாம், உப்புக்காற்றில் துருப்பிடித்து எழுத்தின்மேல் வழியும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ வாங்குங்கள்.