வளைந்த படிகத்தில் புரோட்டானைத் திருப்பிப் பார்க்க

காரைக்குடியில் எங்கள் வீட்டு முற்றத்தில், கூரைத் தண்ணீர் இறங்க வளைந்த தகரத் தூம்பு ஒன்று உண்டு. புராஜெக்டுக்கு வரும் எம்.எஸ்சி. பிள்ளைகளை முதலில் அதில் ஒரு கோலிக்குண்டை உருட்டச் சொல்வேன். வளைவில் குண்டு நடுவை விட்டு வெளிச்சுவர்ப் பக்கம் ஏறி ஓடும். வேகம் மிஞ்சினால் தாவி விழும். வளைந்த படிகத்தின் அணுத்தளங்களுக்கு நடுவே ஓடவிட்டுப் புரோட்டானைத் திருப்பலாம் என்று இயற்பியலாளர் சிகனோவ் 1976-இல் சொன்னதும் இந்த மாதிரிதான். முடுக்கி வளையத்தில் சுற்றும் புரோட்டானை வெளியே எடுக்க இது உதவும். அதைக் கணினியில் உருவகித்துப் பார்ப்போம்.

துகள்களை உருவகிக்கும் பெரிய மென்பொருளான ஜியான்ட்4-ஐ உடனே தொட வேண்டாம். பைத்தானில் ஒரு பரிமாணம் போதும். சிலிக்கன் படிகத்தில் (110) எனப்படும் அணுத்தளங்களின் இடைவெளி 1.92 ஆங்ஸ்ட்ராம். இரு தளங்களுக்கு நடுவே புரோட்டானைப் பிடித்துவைக்கும் மின்னழுத்தக் கிணற்றின் ஆழம் சுமார் 22 எலக்ட்ரான் வோல்ட். அதைப் பரவளையமாக வைத்துக்கொள்ளுங்கள். 400 ஜிஇவி புரோட்டான், 2 மி.மீ. படிகம், 50 மைக்ரோரேடியன் வளைவு. அதாவது ஆரம் 40 மீட்டர். கிணற்றின் விசையோடு, உந்தத்தை வேகத்தால் பெருக்கி ஆரத்தால் வகுத்து வெளிப்பக்கமாகச் சேருங்கள். கிணற்றின் நடு 0.02 ஆங்ஸ்ட்ராம் வெளியே நகரும். கோலிக்குண்டு ஏறியது இதைத்தான்.

இடத்தையும் வேகத்தையும் மாறி மாறி முன்நகர்த்திக் கணக்கிடும் லீப்ஃபிராக் முறை நல்லது. புரோட்டானின் ஓர் ஊசலாட்ட நீளம் ஏறக்குறைய 57 மைக்ரான். எனவே கணக்கின் ஒவ்வொரு படியும் 1 மைக்ரான். நான் முதலில் அவசரப்பட்டு 20 வைத்தேன். படிக்குப் படி வீச்சு பெருகி எல்லாப் புரோட்டானும் வெளியேறிவிட்டன. இரண்டு நாள் இயற்பியலில் தப்பு தேடினேன். குறுக்கு ஆற்றலை ஒவ்வொரு படியிலும் அச்சிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நீங்கள் அச்சிடுங்கள்.

அப்புறம், தளத்துக்கு 0.19 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்த புரோட்டானை அணுக்கருக்களால் சிதறிக் கிணற்றை விட்டுத் தப்பியதாகக் குறியுங்கள். தளங்களுக்கு இணையாக நுழையும் கற்றையில் 78 சதவீதம் அளவுக்குக் கிணற்றிலேயே தங்க வேண்டும். சாய்வு 10 மைக்ரோரேடியனைத் தாண்டினால் ஏறக்குறைய எதுவும் தங்காது.

குறித்ததைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; வளையத்தில் அதுதான் முக்கியம். தப்பிய புரோட்டானுக்குச் சிதறலாகச் சுமார் 4 மைக்ரோரேடியன் அகலத்தில் ஒரு தற்செயல் உதை கொடுத்து, இடம்-கோணத் தளத்தில் ட்யூனின் (வளையத்தில் ஒரு சுற்றுக்குள் புரோட்டான் ஊசலாடும் எண்ணிக்கையின்) பின்னப் பகுதிக்கேற்பச் சுழற்றி, மறுபடி படிகத்துக்கு அனுப்புங்கள். முதல் சுற்றில் தவறியது நாலாவது சுற்றில் அகப்படலாம். படிகத்தின் சாய்வை 1 மைக்ரோரேடியன் வீதம் மாற்றி, வெளிவந்த எண்ணிக்கையை வரையுங்கள். பல சுற்று விட்டால் அந்த வரைபடத்தில் வரும் மேடு அகலும். அதைத் திரையில் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.