ஆங்கிலத்தில் விதிவிலக்கைச் சொல்வது எப்படி? 'எக்ஸெப்ட்' முதல் 'அன்லெஸ்' வரை

'ஆல் மெட்டல்ஸ் ஆர் சாலிட்' என்று ஒரு மாணவர் விடைத்தாளில் எழுதினால், பாதரசம் என்ற ஒரே ஒரு உலோகம் போதும், அந்த வாக்கியம் தப்பாகிவிடும். அவருக்கு வேதியியல் தெரிந்திருக்கலாம். பொது விதியைச் சொன்ன கையோடு அதற்குள் அடங்காததையும் சொல்லும் ஆங்கிலம்தான் கைவரவில்லை. தேர்வு, அலுவலக மெயில், ஆய்வுக் கட்டுரை என எதை எழுதினாலும் இந்தத் திறமை வேண்டும். நாம் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவதால் சில இடங்களில் குறிப்பாகத் தடுக்கி விழுகிறோம். அந்த இடங்களில் கொஞ்சம் நின்று, மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்.

படி 1: விதி எவ்வளவு தூரம் பொருந்தும் என்று முடிவு செய்யுங்கள்

எழுதத் தொடங்கும் முன் ஒரு கேள்வி: நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்துமா, ஏறக்குறைய எல்லாவற்றுக்குமா, பாதிக்கு மேலா, அல்லது பலவற்றுக்கு மட்டுமா?

எல்லாவற்றுக்கும் என்றால் 'ஆல்'. ஒன்றிரண்டுதான் விலகுகின்றன என்றால் 'ஆல்மோஸ்ட் ஆல்' அல்லது 'நியர்லி ஆல்'. பாதிக்கு மேல் என்றால் 'மோஸ்ட்'. எண்ணிக்கை நிறைய, ஆனால் பாதியைத் தாண்டுமா என்று சொல்ல முடியாது என்றால் 'மெனி'.

பொதுவாகப் பறவைகளைப் பற்றிப் பேசினால் 'மோஸ்ட் பேர்ட்ஸ் கேன் ஃப்ளை'. குறிப்பிட்ட ஒரு கூட்டத்தைப் பற்றி என்றால் 'மோஸ்ட் ஆஃப் த பேர்ட்ஸ் இன் திஸ் பார்க்'. நடுவில் 'த' இல்லாமல் 'மோஸ்ட் ஆஃப் பேர்ட்ஸ்' என்று எழுதக் கூடாது. 'ஆல்மோஸ்ட் பேர்ட்ஸ்' என்பதும் தவறு. 'ஆல்மோஸ்ட்' போட்டால் பின்னாலேயே 'ஆல்' வர வேண்டும்.

படி 2: 'பொதுவாக' என்பதைச் சரியான இடத்தில் வையுங்கள்

'ஜெனரலி', 'யூஷுவலி', 'ஆஸ் எ ரூல்', 'ஃபார் த மோஸ்ட் பார்ட்' என்ற நான்கும் தொடக்கத்துக்குப் போதும். முதல் இரண்டும் 'இஸ்', 'ஆர்' போன்ற வினைகளுக்குப் பின்னால் வரும்: 'த ஷாப்ஸ் ஆர் யூஷுவலி க்ளோஸ்ட் ஆன் சண்டேஸ்'. வேறு வினை என்றால் அதற்கு முன்னால்: 'தே யூஷுவலி ஓபன் அட் நைன்'. 'ஆஸ் எ ரூல்' வாக்கியத்தின் தொடக்கத்தில் காற்புள்ளியோடு வந்தால் அழகாக இருக்கும்.

'மோஸ்ட்லி' என்ற சொல்லில் மட்டும் கவனம் தேவை. 'நாளைக்குப் பெரும்பாலும் வந்துடுவேன்' என்பதை நம்மில் பலர் 'மோஸ்ட்லி ஐ வில் கம் டுமாரோ' என்கிறோம். இங்கே நம் ஊரில் புரிந்துகொள்வார்கள். வெளிநாட்டுக்காரர் குழம்பிப் போவார். அவருக்கு 'மோஸ்ட்லி' என்றால் 'பெரும்பகுதி' அல்லது 'பெரும்பாலான நேரங்களில்'. 'அநேகமாக' என்று சொல்ல 'ஐ வில் ப்ராபப்லி கம் டுமாரோ' என்பதே சரி.

இன்னொன்று: 'ஜெனரலி மோஸ்ட் பேர்ட்ஸ் கேன் யூஷுவலி ஃப்ளை' என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்காதீர்கள். பாதுகாப்புக்காகச் சேர்க்கிறோம், ஆனால் படிப்பவருக்கு எழுதியவர் எதைச் சொல்லவும் பயப்படுகிறார் என்றே தோன்றும். ஒன்று போதும்.

படி 3: விதிவிலக்கின் பெயரைச் சொல்லுங்கள்

இந்தப் பாடத்திலேயே முக்கியமான படி இதுதான். காரணம், நம் 'தவிர'. தமிழில் அது இரண்டு வேலை செய்கிறது. 'தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாது' என்றால் விலக்குகிறோம். 'தமிழைத் தவிர இந்தியும் தெரியும்' என்றால் கூட்டுகிறோம். ஆங்கிலத்தில் விலக்குவதற்கு 'எக்ஸெப்ட்', கூட்டுவதற்கு 'பிசைட்ஸ்' அல்லது 'இன் அடிஷன் டு'. ஆகவே 'எக்ஸெப்ட் தமிழ், ஷி நோஸ் ஹிந்தி' என்பது தவறு. 'பிசைட்ஸ் தமிழ், ஷி நோஸ் ஹிந்தி' என்று எழுத வேண்டும். எழுதும் முன் கேளுங்கள்: நான் கழிக்கிறேனா, கூட்டுகிறேனா?

'அபார்ட் ஃப்ரம்' மட்டும் நம் 'தவிர' மாதிரியே இரண்டுக்கும் வரும். இடத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்பதால், தொடக்கநிலையில் அதை ஒதுக்கிவைப்பதே நல்லது என்பது என் கருத்து.

அடுத்த தடுக்கல், சொல் வரிசை. 'வெள்ளி, யுரேனஸ் தவிர மற்ற கோள்கள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கின்றன' என்று தமிழில் விதிவிலக்கு இயல்பாக முன்னால் வந்துவிடுகிறது. அதே வரிசையில் ஆங்கிலத்தில் தொடங்கினால், பெயர்ச்சொல்லுக்கு முன் 'எக்ஸெப்ட்' தனியாக நிற்காது. 'எக்ஸெப்ட் ஃபார்' வேண்டும்: 'எக்ஸெப்ட் ஃபார் வீனஸ் அண்ட் யுரேனஸ், ஆல் த ப்ளானட்ஸ் ரொட்டேட் ஃப்ரம் வெஸ்ட் டு ஈஸ்ட்'. விதியை முதலில் சொல்லிவிட்டால் இரண்டும் பொருந்தும்: 'ஆல் த ப்ளானட்ஸ் எக்ஸெப்ட் வீனஸ் அண்ட் யுரேனஸ்...'.

விதியில் 'ஆல்', 'எவ்ரி', 'நோ' மாதிரியான சொல் இல்லாவிட்டாலும் 'எக்ஸெப்ட் ஃபார்' தான்: 'த எஸ்ஸே வாஸ் குட் எக்ஸெப்ட் ஃபார் எ ஃப்யூ ஸ்பெல்லிங் மிஸ்டேக்ஸ்'. 'நான் மட்டும் போகவில்லை, எல்லோரும் போனார்கள்' என்பதற்கு 'எவ்ரிஒன் வென்ட் எக்ஸெப்ட் மீ'. அங்கே 'ஐ' போடாதீர்கள்.

கொஞ்சம் முறையான எழுத்து என்றால் 'வித் தி எக்ஸெப்ஷன் ஆஃப்'. நம் முதல் வாக்கியம் இப்போது இப்படி மாறும்: 'வித் தி எக்ஸெப்ஷன் ஆஃப் மெர்க்குரி, ஆல் மெட்டல்ஸ் ஆர் சாலிட் அட் ரூம் டெம்ப்ரேச்சர்'.

படி 4: எல்லையையும் சேருங்கள்

அந்த 'அட் ரூம் டெம்ப்ரேச்சர்' அலங்காரத்துக்காக வரவில்லை. அறிவியலில் அது பொதுவாக 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலை. கேலியம் என்ற உலோகம் 30 டிகிரியை நெருங்கும்போதே உருகிவிடும். சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறையில் அது திரவமாகத்தான் இருக்கும்! எல்லையைச் சொல்லாவிட்டால் கேலியமும் விதிவிலக்குப் பட்டியலில் ஏறிவிடும்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பதும் அப்படித்தான். கடல்மட்டத்தில் சரி. ஊட்டி உயரத்தில் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 'அட் சீ லெவல்' என்று சேர்த்தால் வாக்கியம் நிலைத்துவிடும்.

படி 5: நிபந்தனை என்றால் 'அன்லெஸ்'

'மழை பெய்யாவிட்டால் போட்டி நடக்கும்.' தமிழில் எதிர்மறை வினைக்குள்ளேயே இருக்கிறது. 'அன்லெஸ்' அந்த எதிர்மறையைத் தானே சுமந்துகொள்ளும். அதனால் 'அன்லெஸ் இட் டஸின்ட் ரெயின்' என்று எழுதினால் 'மழை பெய்தால்தான் போட்டி' என்று தலைகீழாகிவிடும். 'த மேட்ச் வில் கோ அஹெட் அன்லெஸ் இட் ரெயின்ஸ்' என்பதே சரி. 'அன்லெஸ்' பகுதியில் 'வில்'லும் வேண்டாம்.

ஒப்பந்தங்களிலும் வினாத்தாள்களிலும் 'அன்லெஸ் அதர்வைஸ் ஸ்டேட்டட்' என்று பார்த்திருப்பீர்கள். வேறுவிதமாகக் குறிப்பிடாத வரை இதுவே விதி என்று பொருள். அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

படி 6: பட்டியல் முழுமையா என்று பாருங்கள்

தீபகற்ப இந்தியாவின் பெரிய ஆறுகளில் மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி எல்லாம் கிழக்கே ஓடி வங்கக்கடலில் கலக்கின்றன. நர்மதையும் தபதியும் மேற்கே ஓடுகின்றன. 'ஆல் ரிவர்ஸ் எக்ஸெப்ட் த நர்மதா அண்ட் த தாப்தி' என்று எழுதலாமா? கூடாது. சபர்மதி, மாஹி, பெரியாறு என்று மேற்கே ஓடுபவை இன்னும் இருக்கின்றன. 'ஆல்... எக்ஸெப்ட்' என்றால் 'இவை மட்டுமே விலக்கு' என்று உறுதி கொடுக்கிறோம். அந்த உறுதி இல்லாதபோது இரண்டு வாக்கியமாகப் பிரியுங்கள்: 'மோஸ்ட் மேஜர் ரிவர்ஸ் ஆஃப் பெனின்சுலர் இண்டியா ஃப்ளோ ஈஸ்ட். நோட்டபிள் எக்ஸெப்ஷன்ஸ் ஆர் த நர்மதா அண்ட் த தாப்தி.' 'நோட்டபிள்' என்ற ஒரு சொல், வேறு சிலவும் இருக்கலாம் என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறது.

விலகி நிற்பதே நம் பேச்சின் நாயகன் என்றால் 'அன்லைக்' வைத்துத் தொடங்குங்கள்: 'அன்லைக் மோஸ்ட் ஆஃப் இண்டியா, தமிழ் நாடு கெட்ஸ் மச் ஆஃப் இட்ஸ் ரெயின் ஃப்ரம் த நார்த்ஈஸ்ட் மான்சூன்'.

இப்போது நீங்கள் எழுதிப் பாருங்கள்

லீப் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 4-ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு. 100-ஆல் வகுபட்டால் இல்லை. ஆனால் 400-ஆலும் வகுபட்டால் மறுபடி லீப் ஆண்டு. விதிவிலக்குக்கே ஒரு விதிவிலக்கு! தாளை எடுத்து முதலில் நீங்களே எழுதுங்கள், அப்புறம் இதைப் பாருங்கள்:

'எ இயர் தட் இஸ் டிவிசிபிள் பை ஃபோர் இஸ் எ லீப் இயர், அன்லெஸ் இட் இஸ் ஆல்ஸோ டிவிசிபிள் பை எ ஹண்ட்ரட். ஈவன் தென், இட் இஸ் எ லீப் இயர் இஃப் இட் இஸ் டிவிசிபிள் பை ஃபோர் ஹண்ட்ரட்.'

இரண்டாவது விலக்குக்கும் 'அன்லெஸ்' போட்டு ஒரே வாக்கியமாக்கினால் படிப்பவர் பாதியில் தொலைந்துபோவார். அதனால்தான் முற்றுப்புள்ளி வைத்து 'ஈவன் தென்' என்று புதிதாகத் தொடங்கியிருக்கிறது. நீங்கள் எழுதியதை 1900, 2000, 2024, 2100 என்ற நான்கு ஆண்டுகளை வைத்துச் சோதியுங்கள். 2000, 2024 மட்டும் லீப் ஆண்டு என்று வந்தால் உங்கள் வாக்கியம் சரி.