போதையில் நழுவும் முடிவுகள்: இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘ரெண்டு ரவுண்டு உள்ளே போனால்தான் அவகிட்ட பேசவே வாய் வரும்’ என்று சொல்பவர் எல்லா நண்பர் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். மது கூச்சத்தைக் குறைப்பது உண்மைதான். கூடவே, ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் மூளைப்பகுதியையும் அது மந்தமாக்குகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பகுதி முழுதாக முதிர்வதற்கே ஏறத்தாழ 25 வயது ஆகிறது. ஆகவே, உடலுறவு வேண்டுமா, யாரோடு, எதுவரை, எப்படி வீடு திரும்புவது என்பதையெல்லாம் ‘அப்போ பார்த்துக்கலாம்’ என்று விடுவதுதான் முதல் தவறு. இவற்றை முதல் கிளாஸுக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆணுறையையும் அடுத்தவர் கொண்டுவருவார் என்று நம்பாமல் நீங்களே வைத்திருங்கள். போதையில் அதைப் பாதியில் மாட்டுவதும், தலைகீழாக மாட்டுவதும், வழவழப்புக்குக் கைக்குக் கிடைத்த எண்ணெயைத் தடவுவதும் நடக்கிறது. எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ஆணுறை சில நிமிடங்களிலேயே வலுவிழந்துவிடும்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது: ‘வேண்டாம்னு சொல்லலையே’ என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது. வேகமாக நிறையக் குடித்தவருக்கு மூளையில் நினைவைப் பதியவைக்கும் வேலை நின்றுபோகலாம். அந்த நேரத்திலும் அவர் நடப்பார், சிரிப்பார், கேள்விக்குப் பதில் சொல்வார். மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. பக்கத்தில் இருப்பவரால் இதைப் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ‘நல்லாத்தானே பேசினா’ என்ற சமாதானம் எடுபடாது. போதையில் நிதானம் இழந்தவரின் சம்மதத்தைப் பல நாடுகளின் சட்டங்கள் சம்மதமாகவே ஏற்பதில்லை. ‘நானும்தான் குடிச்சிருந்தேன்’ என்பதும் பொதுவாகத் தப்பிக்கும் வழி ஆகாது. காதலர்கள், முன்பு பழகியவர்கள், பாதிக்கப்படுபவர் ஆணாக இருப்பது என எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான். சந்தேகம் எட்டிப்பார்த்தாலே அன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். விருப்பம் நிஜமென்றால் மறுநாள் தெளிந்த பிறகும் இருக்கும். அந்த நேரத்தில் படம், வீடியோ எடுப்பதும் இதே தவறுதான்.

காபி, குளியல், எலுமிச்சைச் சாறு எதுவும் போதையை இறக்காது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு சிறிய அளவு மதுவைத்தான், அதாவது சுமார் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும். அதை அவசரப்படுத்த வழியில்லை. எனர்ஜி டிரிங்க் கலந்து குடித்தால் தூக்கம் மட்டும் விலகும், போதை அப்படியே இருக்கும். தெளிவாக இருக்கிறோம் என்ற நினைப்பு மட்டும் கூடும். மட்டையான நண்பரை ‘தூங்கட்டும்’ என்று தனி அறையில் போட்டுவிட்டு வருவதும் ஆபத்து. வாந்தி மூச்சை அடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, கூடவே இருங்கள். தூக்க மாத்திரையோ ஓபியம் வகை மருந்தோ மதுவோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மெதுவானால், உடல் சில்லிட்டால் உடனே ஆம்புலன்ஸ்தான்.

பானத்தில் எதையோ கலந்துவிடுவார்கள் என்றால் எல்லோரும் வெள்ளைப் பொடியைத்தான் கற்பனை செய்கிறார்கள். பெரும்பாலும் கலப்பது கூடுதல் மதுவைத்தான். கேட்காமலே கிளாஸ் நிரம்பிக்கொண்டிருந்தால் கவனியுங்கள்.

‘போதை ஏற்றிக்கொண்டால் உடலுறவு நல்லா இருக்கும்’ என்பதும் பெரும்பாலும் கட்டுக்கதைதான். மது விறைப்பைக் குறைக்கும். கொக்கைன், மெத் போன்றவை உணர்வை மரக்கச் செய்து நேரத்தை நீட்டும். அந்த உராய்வில் ஆணுறை கிழியும், தோலில் காயம் வரும், கிருமிக்கு வழி திறக்கும். இதைச் சரிக்கட்ட வயாக்ரா போட்டுக்கொண்டு, கூடவே பாப்பர்ஸ் எனப்படும், முகர்ந்து ஏற்றும் போதைத் திரவத்தையும் முகர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி எல்லாம் பரவலாம்.

இத்தனைக்கும் பிறகு, அதிகச் சேதம் செய்வது மறுநாள் காலையின் வெட்கம் என்றே சொல்வேன். யாரிடம் சொல்வது என்று தயங்கும்போது மணிக்கணக்கு ஓடிவிடுகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் வகை அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். யூலிப்ரிஸ்டல் மாத்திரைக்கும் காப்பர்-டி பொருத்தவும் 5 நாள் வரை அவகாசம் உண்டு. மாத்திரை போட்ட 2, 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதைப் போட்டதாகக் கணக்கில் வைக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். இந்த மாத்திரைகள் பால்வினை நோயைத் தடுக்காது. எச்ஐவி தொற்றியிருக்கலாம் என்றால் பெப் எனப்படும் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும்.

‘ஒண்ணும் தெரியலையே’ என்று பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். கிளமிடியா என்ற பால்வினை நோய் பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. மறுநாளே பரிசோதித்து நிம்மதி அடைவதும் ஏமாற்றம்தான். கிளமிடியா, கொனோரியா தெரிய சுமார் 2 வாரம் ஆகலாம். எச்ஐவிக்கு, கிருமியின் புரதத்தையும் அதை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறை ஆய்வகச் சோதனையிலும் 45 நாள் வரை பொறுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

விருப்பமில்லாமல் நடந்திருந்தால் குடித்திருந்தது குற்றமல்ல, செய்தவர் செய்ததுதான் குற்றம். முடிந்தால் குளிக்காமல், அப்போது உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஏதோ கலந்திருப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தால் சிறுநீர் மாதிரியையும் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கள். ஜிஎச்பி என்ற மயக்கம் தரும் போதைப்பொருள் சுமார் 12 மணி நேரத்தில் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும். என்ன குடித்தோம், என்ன எடுத்தோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பெப்பாகக் கொடுக்கும் சில எச்ஐவி மருந்துகள் போதைப்பொருளின் அளவை உடலில் ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும் என்பதால், எந்த மருந்தைக் கொடுப்பது என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.